ஒரே பாறை, இரண்டு சாமி

புதுச்சேரியில் மலை கிடையாது. கோரிமேட்டை வேண்டுமானால் மேடு என்று சொல்லிக்கொள்ளலாம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கிழக்கே நடந்தால் வைத்திக்குப்பம், அதற்கப்பால் கடல். வடக்கே போனால் கோட்டக்குப்பம். பாறை என்று பார்த்தால் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்தான் உண்டு. அதுவும் லாரியில் வந்தது. ஆனாலும் இந்த ஊர் ஜனங்களைப் போல மலைக்கு அலைகிறவர்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம். கிருத்திகைக்கு மயிலம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, கார்த்திகையில் மாலை போட்டால் சபரிமலை, தைப்பூசத்துக்குப் பழனி. தவக்காலம் வந்துவிட்டால் பரங்கிமலை. கூட நாலு நாள் விடுப்பு கிடைத்தால் கேரளத்து மலையாட்டூர்.

போக முடியாதவர்களுக்கு மலைச்சாமியே இறங்கி வருகிறார். மாசி மகத்தன்று மயிலம் முருகன் சுமார் 30 கிலோமீட்டர் பயணப்பட்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவார். மயிலம் மலையே சூரபத்மன்தான் என்கிறது தலபுராணம். தோற்ற சூரன் முருகனுக்கு வாகனமாக வேண்டும் என்று மயில் வடிவ மலையாகித் தவம் கிடந்தானாம். அந்த மலையின் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது நெசவுக்குப் பேர்போன முத்தியால்பேட்டைத் தெருக்களில் அன்று நடக்க இடம் இருக்காது.

கத்தோலிக்கர்களுக்கும் மலை இல்லாத குறை உண்டு. அவர்கள் அதைத் தீர்த்துக்கொண்ட விதம் வேறு. மாதா கோயில் வளாகங்களில் கெபி ஒன்று கட்டாயம் இருக்கும். கம்பி கட்டி, சிமென்ட் பூசி, கறுப்பும் சாம்பலுமாக வண்ணமடித்து எழுப்பிய செயற்கைப் பாறை அது. நடுவில் ஒரு குடைவு, குடைவுக்குள் நீலக் கச்சை கட்டிய லூர்து மாதா. மூலப் பாறை பிரான்சில் இருக்கிறது. 1858-இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் மசபியேல் குகை அது. அங்கிருந்து பத்தொன்பது ஆண்டுக்குள், 1877-இல், பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த மாதா சுரூபம் புதுச்சேரிக்கு அருகே வில்லியனூரில் நிறுவப்பட்டது. பாறை இல்லாத ஊர்களுக்குக் குகையின் நகல் போதுமானதாக இருந்தது.

பாறை இருக்கும் ஊருக்கு இதே மாதா போனால் என்ன ஆகும்? நம் ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்குப் பதில் கிடைக்கிறது.

அன்றைய தஹோமே, இன்றைய பெனின். அதன் தென்கோடித் துறைமுக நகரமான கொட்டோனூவிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் தாசா-ஜூமே. நாற்பத்தொரு குன்றுகளின் ஊர் என்று அதற்குப் பெயர். மொட்டை மொட்டையாக, மண் மூடாத பாறைக் குன்றுகள். செஞ்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் புதிதாகத் தெரியாது. அங்கே வாழும் இதாஷா மக்கள் யொருபா இனத்தின் ஒரு கிளை. குன்றுகளை அவர்கள் வெறும் கல்லாக நினைப்பதில்லை. அவை காவல் சக்திகளின் இருப்பிடம், முன்னோர் நடமாடும் இடம். அந்தக் குன்றுகளில் ஒன்றின் அடியில்தான் கத்தோலிக்கர்கள் தங்கள் மாதாவுக்குக் கெபி அமைத்தார்கள். சிமென்ட் தேவைப்படவில்லை. அரிக்போ மாதா என்று உள்ளூர்ப் பெயரையே சூட்டினார்கள். ஆகஸ்ட் மாதம் பரலோக மாதா திருநாளை ஒட்டி நாடு முழுவதிலுமிருந்து ஜனங்கள் அங்கே திரள்கிறார்கள். பக்கத்து நைஜீரியாவிலிருந்தும் டோகோவிலிருந்தும் வருகிறார்கள். அதே ஊரில், அதே குன்றுகளில், பழைய வழிபாடும் நிற்கவில்லை.

யொருபா சமயம் என்றதும் ஏதோ காட்டு மந்திரம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, சினிமா கற்றுக்கொடுத்தது. உண்மையில் அது நமக்கு எளிதில் புரியக்கூடிய சமயம். எல்லாவற்றுக்கும் மேலே ஒலோதுமாரே என்ற ஒரே பரம்பொருள். அவர் தொலைவில் இருக்கிறார். அன்றாடக் கஷ்டங்களைக் கேட்க ஒரிஷாக்கள் இருக்கிறார்கள். இடிக்கு ஷாங்கோ, ஆற்றுக்கும் பிள்ளைவரத்துக்கும் ஒஷுன், இரும்புக்கு ஒகுன், வெண்மைக்கும் படைப்புக்கும் ஒபதாலா. ஒவ்வொருவருக்கும் நிறம் உண்டு, படையல் உண்டு, கிழமை உண்டு. கத்தோலிக்கத்திலும் கடவுள் ஒருவரே; காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார், கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஐயனாரையும் மாரியம்மனையும் அறிந்த கிராமத்துத் தமிழனுக்கு இரண்டு ஏற்பாடும் அந்நியமில்லை. இரண்டு சமயமும் ஒரே பாறையில் எப்படிப் பொருந்தின என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

மீதிப் பாதி பாறையிலேயே இருக்கிறது.

நைஜீரியாவின் ஒண்டோ மாநிலத்தில், யொருபா மண்ணில், இதான்ரே குன்றுகள் உள்ளன. ஒரு காலத்தில் ஊரே மலை உச்சியில் இருந்தது. அரண்மனை, நீதிமன்றம், கோயில்கள், கல்லறைகள் எல்லாம் மேலே. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் மக்கள் கீழே இறங்கிக் குடியேறினார்கள். இன்று அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி அந்தப் பழைய ஊரைப் பார்க்கலாம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2007 முதல் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பற்றிப் புவியியலாளர்கள் எழுதிய கட்டுரைகளில் திரும்பத் திரும்ப ஒரு சொல் வரும்: சார்னோகைட். அந்தப் பாறைக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே நம் பரங்கிமலை வட்டாரத்துக் கல்தான். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னோக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் கிடந்தவை. யொருபாக்காரர்கள் காணிக்கை வைக்கும் பாறையும் நாம் தவக்காலத்தில் முழங்காலிடும் பாறையும் ஒரே குடும்பம். பக்தியில் சொல்லவில்லை, கற்களின் கணக்கில் சொல்கிறேன்.

பரங்கிமலைக்கு வருவோம். சுமார் 300 அடிதான் உயரம். பழனி ஏறியவர்கள் இதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கி.பி. 72-இல் புனித தோமையார் இங்கே ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது கிறிஸ்தவ மரபு. போர்த்துக்கீசியர் 1523-இல் இங்கே கோயில் எழுப்பினார்கள். 1547-இல் அடித்தளம் தோண்டியபோது பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் அந்தச் சிலுவையில் இரத்தம் வியர்த்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பலமுறை வியர்த்ததாகச் சொல்கிறார்கள், கடைசியாக 1704-இல். டிசம்பர் 18 இன்றும் மலையின் திருநாள்.

மலை ஏறும் படிகளைக் கட்டியவர் போர்த்துக்கீசியரும் அல்லர், தமிழரும் அல்லர். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் கட்டினார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. புதுச்சேரிக்காரர்கள் அவரிடம் கொஞ்சம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, தங்கள் பக்கம் வர மறுத்த உஸ்கானின் சொத்துகளைப் பறித்துக்கொண்டார்கள். அவர் போட்ட படியில் இன்று நம் ஊர் வேன்காரர்கள் மூச்சிரைக்க ஏறுகிறார்கள்.

அதே மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. பிருங்கி முனிவர் இந்த மலையில் தவமிருந்தார், சிவன் நந்தி வடிவில் காட்சி கொடுத்தார் என்கிறது மலையடியில் இருக்கும் நந்தீஸ்வரர் கோயிலின் தலபுராணம். மேலே தோமையார், கீழே நந்தீஸ்வரர், நடுவே ராணுவக் குடியிருப்பு. இதற்கிடையில் வில்லியம் லாம்டன் 1802-இல் இந்தியாவையே அளக்கும் பெரும் வேலையைத் தொடங்க இந்த மலையடியைத்தான் தேர்ந்தெடுத்தார். முனிவருக்கும் சீடருக்கும் நில அளவைக்காரருக்கும் ஒரே இடம் பிடித்துப்போவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. சமவெளியில் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் மேடு அது.

மலையில் ஏறியதும் மனிதன் தேடுவது காலடித் தடம். இதான்ரேயில் அக்போகுன் என்ற முன்னோரின் காலடி பாறையில் பதிந்திருக்கிறது. யார் கால் வைத்தாலும் அளவு பொருந்தும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. மலையாட்டூரில், பெரியாற்றங்கரையில், 609 மீட்டர் உயரக் குருசுமுடியில் தோமையாரின் காலடி. அங்கே மரச் சிலுவையைத் தோளில் சுமந்து செங்குத்தாக ஏறுகிறார்கள். மலைவாசி வேட்டைக்காரர்கள்தான் பாறையில் பொற்சிலுவையை முதலில் கண்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை.

இந்தத் தடங்களுக்கெல்லாம் தலைமையானது இலங்கையில் இருக்கிறது. 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலை. உச்சிப் பாறையில் உள்ள குழிவு சைவர்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்குச் சொர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபியின் பாதம். போர்த்துக்கீசியக் கத்தோலிக்கர்கள் வந்தபோது தோமையாருக்கும் ஒரு பங்கு கேட்டார்கள். 1344-இல் இபின் பதூதா இங்கே ஏறி, பாறையில் கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதினார். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை பருவம். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து இரவில் ஏறத் தொடங்கி, விடியலில் உச்சியைத் தொடுவார்கள். மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களும் சிங்கள கிராமத்தாரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறுகிறார்கள். போர் நடந்த ஆண்டுகளிலும் படிக்கட்டு ஒன்றாகவே இருந்தது. உச்சியில் நிர்வாகம் யார் கையில், பலகையில் எந்தப் பெயர் முதலில் என்பது வேறு கதை. அது பௌத்தர் கையில் இருக்கிறது, தமிழர்களுக்கு அதில் மனத்தாங்கலும் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒரே பாறை, இரண்டு சாமி என்றதும் ‘எம்மதமும் சம்மதம்’ என்று எழுதி முடித்துவிடுவது நம் பத்திரிகைகளுக்குக் கைவந்த கலை. விஷயம் அவ்வளவு இனிப்பானதில்லை.

பிரேசிலின் சல்வதோர் நகரத்தைப் பாருங்கள். அடிமைக் கப்பல்களில் கொண்டுவரப்பட்ட யொருபா மக்கள் தங்கள் ஒரிஷாக்களை வெளிப்படையாகக் கும்பிட முடியவில்லை. புனிதர்களின் சுரூபங்களுக்குப் பின்னே மறைத்துக் கும்பிட்டார்கள். அங்கே ஒரு குன்றின் மேல் போன்ஃபிம் ஆண்டவர் கோயில் இருக்கிறது. புனிதக் குன்று என்றே அந்த இடத்துக்குப் பெயர். கத்தோலிக்கருக்கு அவர் சிலுவையில் அறையுண்ட இயேசு. யொருபா வழி வந்தவர்களுக்கு அவரே ஒஷாலா, அதாவது ஒபதாலா, வெண்மையின் தெய்வம். ஒவ்வொரு ஜனவரியும் வெள்ளை உடுத்த பெண்கள் தலையில் பூச்சாடிகளோடு சுமார் எட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்து, கோயில் படிகளை வாசனை நீரால் கழுவுகிறார்கள். படிகளைத்தான். உள்ளே கழுவுவதைத் திருச்சபை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தடுத்துவிட்டது. கோயிலின் கம்பி வேலியில் வண்ண நாடாக்களைக் கட்டி, மூன்று முடிச்சுக்கு மூன்று வேண்டுதல் வைக்கிறார்கள். வேளாங்கண்ணியில் மரத்தில் மஞ்சள் கயிறும் தொட்டிலும் கட்டிவிட்டு வந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் 1983-இல் அதே சல்வதோரில் மாய் ஸ்டெல்லா என்ற மூத்த பெண் பூசாரியும் வேறு சில பெண் பூசாரிகளும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். அடிமைக் காலத்தில் பயத்தால் போட்ட முகமூடி அது, இனி வேண்டாம், எங்கள் தெய்வம் எங்கள் தெய்வமாகவே இருக்கட்டும், புனிதர்கள் புனிதர்களாகவே இருக்கட்டும் என்பது அதன் சாரம். படி கழுவும் கூட்டம் அதற்காகக் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த அறிக்கை நியாயமானது. பகிர்ந்துகொள்வது வேறு, வேறு வழியில்லாமல் ஒளிந்துகொள்வது வேறு.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. இங்கே வேதபுரீஸ்வரர் கோயிலும் சேசு சபையினரின் சம்பா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகைக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசு சபைப் பாதிரியார்களின் நெடுநாள் ஆசை நிறைவேறியது. துய்ப்ளெக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து அதைத் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். இன்று நாம் கும்பிடும் வேதபுரீஸ்வரர் பிறகு வேறிடத்தில், ஈஸ்வரன் கோயில் தெருவில் எழுந்தவர். இரண்டு சாமிக்கும் ஒரே மண் போதாமல் போன கதை இந்த ஊருடையது.

இன்னொரு பக்கம் வில்லியனூர் இருக்கிறது. லூர்து மாதா கோயிலுக்கும் திருக்காமீஸ்வரர் கோயிலுக்கும் ஊர் ஒன்றே. ஈஸ்டருக்குப் பிறகு மாதாவுக்குக் கொடியேற்றினால், இந்துக்களும் வந்து திருக்குளத்தில் கால் நனைத்து மெழுகுத்திரி ஏற்றிவிட்டுப் போவார்கள். திருக்காமீஸ்வரர் தேருக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். 1748-இல் கோயிலை இடித்த அதே கொடியின் கீழ்தான் பின்னாளில் தேர்வடமும் பிடிக்கப்பட்டது. அதிகாரம் நினைத்தால் இரண்டும் செய்யும்.

ஜனங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறார்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் எருமேலியில் வாவர் பள்ளியில் வணங்கிவிட்டு ஏறுகிறார்கள். திரும்பும் வழியில் ஆலப்புழைப் பக்கம் அர்த்துங்கல் செபஸ்தியார் கோயிலில் மாலையைக் கழற்றுகிற வழக்கமும் உண்டு. சென்னைச் சாலையில் அச்சிறுபாக்கத்தில் குன்றின் மேல் மழை மலை மாதா இருக்கிறாள். மழைக்காக வேண்டிய இடத்துக்கு மழையின் பெயரே நின்றுவிட்டது. மழை கேட்டு மலை ஏறுவது இந்த நாட்டில் எல்லாச் சமயத்துக்கும் பொது. அதே குன்றுகளில் சிவன் கோயிலும் இருக்கிறது. யார் எல்லை எதுவரை என்ற சச்சரவும் இருக்கிறது. ஏறுகிறவர் வேண்டுதலோடு ஏறுகிறார். சச்சரவு பட்டாவிலிருந்து பிறக்கிறது.

பட்டா என்ன செய்யும் என்பதற்குத் திருப்பரங்குன்றம் பாடப்புத்தகம். முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் ஒரே குன்றில். 1923-இல் மதுரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு லண்டன் வரை போய், 1931-இல் பிரிவி கவுன்சில் முடிவு சொன்னது: தர்கா இருக்கும் உச்சியும் அதற்கான படிக்கட்டும் நெல்லித்தோப்பும் முஸ்லிம்களுக்கு, மீதி மலை கோயிலுக்கு. அளந்து, பிரித்து, எழுதிக் கொடுத்த பிறகு சண்டை தீர்ந்திருக்க வேண்டும். இன்றும் தீரவில்லை, மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் காவல். அதை இங்கே பஞ்சாயத்து செய்வது என் வேலையில்லை. கல்லை அளக்கலாம், பயத்தை அளக்க முடியாது என்பது மட்டும் அந்தக் கோப்புகளைப் புரட்டினால் தெரிகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தார். 1993 பிப்ரவரியில் பெனினுக்குப் போனபோது, கொட்டோனூவில் அந்நாட்டின் பழைய சமயமான வோடுனின் தலைவர்களை நேரில் சந்தித்துப் பேசினார். இவை நல்ல அடையாளங்கள். ஆனால் தாசா-ஜூமேயின் கிழவிக்கு வத்திக்கான் அறிவிப்பு எட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. அவள் பாட்டியும் அந்தக் குன்றுக்குத்தான் வந்திருப்பாள்.

பாறையைப் பகிர்வது நிலைக்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இரண்டு நிபந்தனை உண்டு. மூத்த சாமியின் கதையை இளைய சாமியின் ஆட்கள் மறைக்கக் கூடாது. பரங்கிமலைக்கு அழைத்துப் போகும் பங்குச் சாமியார்கள் பிருங்கி முனிவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் தோமையார் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்தது, வந்த வழியை யாரும் அடைக்கக் கூடாது. ஏறும் வழி திறந்திருக்கும் மலையில் தகராறு கொஞ்சம்தான். கேட் போட்ட மலையில்தான் போலீஸ் நிற்கிறது.

இந்த டிசம்பரில் முத்தியால்பேட்டையிலிருந்து பரங்கிமலைத் திருநாளுக்கு வேன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேரே தி.நகருக்குத் துணி வாங்க ஓடாதீர்கள். படியிறங்கி, பரங்கிமலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நந்தீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். மயிலம் போகும் முருக பக்தர்கள் ஒரு வருடம் வண்டியை இந்தப் பக்கம் திருப்பட்டும். இரண்டு கோயிலுக்கும் சேர்த்து ஒரு முற்பகல் போதும்.